பொழி எங்கே, வேலி எங்கே: எல்லை அளவை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கயத்துக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் தோட்டம். அதன் வடபுறப் பொழியில் (எல்லை வரப்பில்) ஒரு நாள் விடியற்காலையில் பங்காளி வீட்டார் கல்லுக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். வேலி எங்கள் பக்கம் வந்திருக்கிறதா என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் வழக்கறிஞர் அல்ல. அலைந்து கற்றதைத்தான், பிறகு என்னிடம் கேட்டுவந்த உறவினர்களின் கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லைத் தகராறு என்று நாம் சொல்வதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோடு எங்கே ஓடுகிறது என்பது ஒன்று. கோட்டை ஒட்டிய அந்த நான்கடி மண் யாருக்குப் பாத்தியம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சர்வேயர் பதில் சொல்வார். இரண்டாவது அவர் வேலை இல்லை. இது தெரியாமல் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் காவல் நிலையத்திலும், கோர்ட்டில் கேட்க வேண்டியதைச் சர்வேயரிடமும் கேட்டுக்கொண்டு பலர் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். நானும் கழித்தேன்.

பக்கத்துக் காட்டுக்காரர் (நிலத்துக்காரர்) கல் நட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கே என்ன செய்வது?

செல்பேசியில் படம் எடுங்கள். பழைய வேலி, பழைய கல், புதிதாகத் தோண்டிய குழி மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பின்னணியில் கிணற்று மேடு, மின்கம்பம், பெரிய மரம் என்று நகராத ஏதாவது ஒன்று இருக்கட்டும். பிறகு அவரிடம் போய், "அளந்துவிட்டு நடலாம், அளவைச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதே நாளில் உங்கள் ஆட்சேபத்தை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "நட்டபோது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்" என்று பின்னால் யாரும் சொல்ல இடம் இருக்கக் கூடாது. நான் முதல் நாள் சத்தம் மட்டும் போட்டேன். காகிதத்தில் ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பிழைக்கே ஆறு மாதம் போயிற்று.

என்னென்ன ஆவணங்களை எடுத்துவைக்க வேண்டும்?

பட்டா, அ-பதிவேட்டு நகல் (சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர் இருக்கும் கிராமப் பதிவேடு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணுக்கு உரிய நில வரைபடம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்கிறார்கள்), உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று. பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் புலத்தின் படத்தையும் சேர்த்து எடுங்கள். ஒரே எல்லைக்கோடு இரண்டு புலங்களுக்கும் பொது. இரண்டு படத்திலும் அந்தக் கோட்டின் நீளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

புலப்படத்தை எப்படிப் படிப்பது? எண்களும் கோடுகளுமாகக் கண்ணைக் கட்டுகிறதே.

பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மாலை நேரத்தில் பிடிபட்டுவிடும். புலத்தைச் சுற்றி ஓடுவது எல்லைக்கோடு. அதன் மூலைகளில் கற்கள். மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்கே ஓடும் கோடு, புலத்தை முக்கோணங்களாக உடைத்து அளப்பதற்காகப் போட்டது. அதிலிருந்து செங்கோணமாகப் பக்கவாட்டில் பிரியும் சிறு கோடுகள், எல்லை எங்கே வளைகிறது என்று காட்டுகின்றன. "இந்தக் கல்லிலிருந்து இத்தனை தூரம் நட, அங்கிருந்து இடப்பக்கம் இத்தனை தூரம் திரும்பு, எல்லை வரும்" என்று எழுதிவைத்த வழிதான் அது.

எண்களின் அலகைப் பாருங்கள். பழைய படங்கள் லிங்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதில் 100 லிங்க். ஆகவே ஒரு லிங்க் 7.92 அங்குலம். 500 லிங்க் என்றால் 330 அடி. புதிய படங்கள் மீட்டரில் இருக்கும். லிங்கை அடி என்று நினைத்துக்கொண்டு, "என் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம்" என்று பதறியவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று மிக முக்கியம். அச்சிட்ட படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். 1:2000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனே மூன்றடியை விழுங்கிவிடும். தாளுக்கு ஏற்றாற்போல் சுருக்கி அச்சிட்டிருந்தால் அந்தக் கணக்கும் போயிற்று. படத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.40.50 என்றால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தகராறு எவ்வளவு மண்ணுக்கு என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 அடி நீள வேலி இரண்டடி தள்ளி வந்திருந்தால் 600 சதுர அடி, ஒன்றரைச் சென்ட்டுக்கும் குறைவு. திருப்பூர் சாலையோர மனையில் அது பெரிய விஷயம். மேய்ச்சலுக்கு விட்டிருக்கும் கொறங்காட்டில் அதற்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்துவதா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

சர்வேயரை வரவழைப்பது எப்படி?

"அத்து (எல்லை) காட்ட வேண்டும்" என்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. இப்போது இணையத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம், பொதுச் சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள். உங்கள் குறுவட்டத்துச் சர்வேயர் தேதி குறிப்பார். பக்கத்து நிலத்தாருக்கும் அறிவிப்புப் போக வேண்டும். போனதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். அறிவிப்பு இல்லாமல் அளந்த அளவை, எதிராளி வாய்திறந்தவுடன் பலவீனப்பட்டுவிடும்.

பலரும் இடறி விழும் இடம் கூட்டுப்பட்டா. தாத்தா பெயரில் ஐந்து ஏக்கர், பாகப்பிரிவினைப் பத்திரம் 1990-களிலேயே பதிவாகிவிட்டது, அண்ணன் கிழக்கே தம்பி மேற்கே பயிர் செய்கிறார்கள். ஆனால் உட்பிரிவு செய்யவே இல்லை. அப்படியென்றால் அரசின் படத்தில் உங்கள் இருவருக்கும் நடுவே கோடே கிடையாது. இல்லாத கோட்டைச் சர்வேயர் எப்படிக் காட்டுவார்? வெளி எல்லையை மட்டும்தான் காட்ட முடியும். முதலில் பத்திரத்தை வைத்து உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். கொங்கு நாட்டில் பக்கத்து நிலத்தார் என்றால் பெரும்பாலும் பங்காளிதான். அதனால் இங்கே வரும் எல்லைத் தகராறுகளில் பெரும்பகுதி, பிரிக்காமல் விட்ட உட்பிரிவு என்பது என் அனுபவம்.

தனியார் சர்வேயரை வைத்து அளக்கலாமா?

அளக்கலாம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் சந்தேகத்தில் சாரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. அவர் காட்டிய இடத்தில் வேலி போட்டுவிட்டு, "அளந்துதான் போட்டேன்" என்று எதிராளியிடம் சொல்லாதீர்கள். அது உங்கள் அளவை. அவரைக் கட்டுப்படுத்தாது.

அளக்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார்கள் என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரு கல்லை மட்டும் நம்பி அளந்தால், அந்தக் கல்லே நகர்ந்திருந்தால் எல்லாமே நகரும். குறைந்தது மூன்று கற்களை எடுத்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எல்லைக்கு வர வேண்டும். கிராம எல்லைகள் கூடும் முச்சந்திக் கல் அருகில் இருந்தால் அது நம்பகமானது, யாரும் எளிதில் அசைக்க மாட்டார்கள். கல் எதுவும் அகப்படாவிட்டால் பக்கத்துப் புலங்களிலிருந்து அளந்து வர வேண்டும். நேரம் பிடிக்கும், முணுமுணுக்காதீர்கள்.

முதல் நாளே முட்செடிகளை வெட்டிப் பார்வைக்கு வழி செய்துவையுங்கள். செயின் என்றாலும் மின்னணுக் கருவி என்றாலும், வேலிக்குள் ஆள் நுழைய முடியாவிட்டால் குத்துமதிப்புதான் மிஞ்சும். ஊரில் இரண்டு பெரியவர்களை நிற்கவையுங்கள். கல் நட்ட இடத்தைப் படம் எடுங்கள். கையெழுத்துக் கேட்டால், வாசித்துவிட்டுப் போடுங்கள். ஒப்புதல் இல்லை என்றால் "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கையெழுத்திடலாம்.

அளவை தவறு என்று தோன்றினால் நில அளவைத் துறையின் மேலதிகாரியிடம் மறு அளவை கேட்கலாம். மாவட்டத்தில் அதற்கென்று உதவி இயக்குநர் இருக்கிறார்.

எங்கள் எல்லையில் பழைய கிளுவை வேலி இருக்கிறது. வேலியின் எந்த ஓரம் எல்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி, ஒரு மூலையில் படல். கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) வரிசையாக நட்டால் அதுவே வேராகி, கிளையாகி, ஐம்பது வருடத்தில் மாடு மட்டுமல்ல, பாம்பும் யோசித்து நுழையும் சுவராக நின்றுவிடும். நட்டபோது அது ஒரு கோடு. இன்றைக்கு ஆறேழு அடி அகலம். எந்தப் பக்கம் வெயிலும் ஈரமும் அதிகமோ, எந்தப் பக்கத்துக்காரர் கவாத்துச் செய்யாமல் விட்டாரோ அந்தப் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். ஆகவே தழையின் ஓரத்தைப் பார்த்து எல்லை சொல்வது வீண். குனிந்து அடிமரத்தைப் பார்க்க வேண்டும். பழைய தூர்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதுதான் அன்று நட்ட கோடு.

அந்தக் கோடும் எல்லைதான் என்று நிச்சயமில்லை. நம் ஊர்களில் இரண்டு வழக்கம் உண்டு. இருவரும் பேசிப் பொழியின் மேலேயே நட்ட பொது வேலி ஒன்று. ஒருவர் தம் நிலத்துக்குள் ஓரடி உள்ளே தள்ளி நட்ட வேலி மற்றொன்று. இரண்டாவது வகையில் வேலிக்கு அந்தப் பக்கமும் அவருக்கு மண் இருக்கிறது. பேரன் காலத்தில் இது யாருக்கும் நினைவிருக்காது. வேலி யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: முள் வெட்டி எடுத்துக்கொண்டது யார்? பொத்தல் விழுந்தால் அடைத்தது யார்? அதைப் பெரியவர்கள் மறப்பதில்லை.

பழைய கிளுவை வேலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுபவர்கள்தான் இப்போது அதிகம். அங்கேதான் விவகாரம் முளைக்கிறது. தூரோடு சேர்ந்து அத்துக்கல்லும் போய்விடுகிறது. பிடுங்கும் முன்பே அளந்து, இரு பக்கமும் பொதுக் குறி வைத்துவிட்டால் ஒரு தலைமுறைச் சண்டை மிச்சம். எங்கள் வீட்டு விஷயமும் இதுவேதான். பங்காளி வீட்டார் திருடவில்லை, தழையின் ஓரத்தை எல்லை என்று நினைத்துவிட்டார்கள். வடபுறத்தில் மூன்றரை அடி. தென்மேற்கு மூலையில் அளந்தபோது நாங்கள் அவர்கள் நிலத்தில் ஓரடி இருந்தோம். அந்தச் செய்தியை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

வேலியே இல்லாத பொழி இன்னொரு வகை. உழவு ஓட்டும்போதெல்லாம் ஒரு சால் உள்ளே வந்தால், பத்து வருடத்தில் பொழியே பக்கத்து வயலில் இருக்கும். டிராக்டர் ஓட்டுபவருக்கு எல்லை தெரியாது. கல்லை மண்ணுக்கு மேலே தெரியும்படி வைத்திருப்பதே மருந்து. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி, அளவைக் கற்களைப் பராமரிக்கும் பொறுப்பு பதிவுபெற்ற நிலதாரருடையது. அரசு வந்து வெள்ளை அடிக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட். பட்டாவில் 2 ஏக்கர். எது செல்லும்?

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பல பட்டாக்களில் பெயரும் பரப்பும் பிசகின. உங்கள் குறை அந்தக் காலத்தில் வந்ததா என்று பழைய அ-பதிவேட்டை ஒப்பிட்டால் தெரியும். எழுத்துப் பிழை வட்டாட்சியர் அளவிலேயே தீரும். மற்றவை கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மேலே போகும்.

பத்திரமே தவறாகவும் இருக்கலாம். பத்திரத்தில் பரப்பும் செக்குபந்தியும் (நான்கெல்லை விவரமும்) முரண்பட்டால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லைக்கே மதிப்புத் தருகின்றன. "வடக்கே இன்னார் காடு, தெற்கே இட்டேரி (வேலிகளுக்கு நடுவே ஓடும் தடம்)" என்று திட்டமாக எழுதியிருந்தால், நடுவே அளந்து கிடைப்பதுதான் உங்களுடையது. பத்து சென்ட் கூடுதலாக எழுதியதால் மண் விளைந்துவிடாது.

"இருபது வருடமாக நான் அனுபவிக்கிறேன், இனி என்னுடையது" என்கிறார். சரியா?

வருடக் கணக்கு மட்டும் போதாது. தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள், அரசு நிலத்தில் 30 ஆண்டுகள் என்பது காலவரையறைச் சட்டத்தின் கணக்கு. அந்த அனுபவம் வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும், உரிமையாளருக்கு எதிராகவும் இருந்ததாக அவர் நிரூபிக்க வேண்டும். "மாடு கட்டிக்கொள், மாமா" என்று நீங்கள் சம்மதித்து விட்ட இடம் எத்தனை வருடமானாலும் அந்தக் கணக்கில் வராது. என்றாலும் சும்மா இருக்காதீர்கள். அப்படி அனுபவித்தவர் தாமே வழக்குப் போட்டு உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருக்கிறது. சம்மதித்து விட்டிருந்தால் அதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

நானே வேலியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். சட்டப்படி நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும், அனுபவத்தில் இருப்பவரை வழக்கில்லாமல் வெளியேற்றினால், அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, பாத்தியம் யாருக்கு என்ற கேள்விக்குள் போகாமலேயே அனுபவத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதற்கு மேல், கம்பியும் கல்லும் உடைந்ததற்குக் காவல் நிலையப் புகார் உங்கள் மேல் திரும்பும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்?

கோடு எங்கே என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது. அளந்து நட்ட அரசுக் கல்லைப் பிடுங்கினாலோ, அடிதடி மிரட்டல் என்றாலோ அது குற்றம், அதற்குப் போங்கள், மனு ரசீது வாங்குங்கள்.

வண்டித்தடத்தையும் இட்டேரியையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார்களே?

இது வேறு வகை. தடம் அரசு புறம்போக்கா, பட்டா நிலத்துக்குள் வழக்கமாகப் போய்வரும் மாமூல் தடமா என்று முதலில் பாருங்கள். இரு பக்கமும் வேலி நின்ற பழைய இட்டேரிகள் பல ஊர்களில் கிராம வரைபடத்திலேயே இருக்கின்றன. புறம்போக்கு என்றால் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றும் அதிகாரம் அரசுக்கு உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். பட்டா நிலத்து மாமூல் தடம் என்றால் பத்திரத்தில் "வண்டித்தடப் பாத்தியம்" எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்ததைக் கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும்.

அவருடைய தென்னை எங்கள் பக்கம் சாய்ந்து ஓலை விழுகிறதே?

முதலில் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் உங்கள் பக்கம் நீளும் கிளையை, அவர் நிலத்துக்குள் காலெடுத்து வைக்காமல், எல்லை வரை வெட்டலாம். நீங்கள் புதிதாகத் தென்னை வைக்கும்போது எல்லையிலிருந்து 12 அடியாவது உள்ளே வையுங்கள். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளிதான் பரிந்துரை, அதில் ஏறத்தாழப் பாதி இது.

வீட்டுமனை, நத்தம் (ஊர்க் குடியிருப்பு) இடத்துக்கும் இதே வழிதானா?

ஏறக்குறைய. நகர எல்லைக்குள் நகர நில அளவைப் பதிவேடு தனி. நத்தத்தில் அங்குலக் கணக்கு என்பதால், அஸ்திவாரம் தோண்டும் முன் அளக்காமல் சுவர் எழுப்பாதீர்கள்.

கோர்ட்டுக்குப் போவது எப்போது?

அளந்து காட்டிய பிறகும் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, கேள்வி கோட்டைத் தாண்டிப் பாத்தியத்துக்குப் போய்விட்டாலோ. "நுழையக் கூடாது" என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எதிராளி உங்கள் பாத்தியத்தையே தக்க காரணத்தோடு மறுத்தால், விளம்புகை (பாத்தியம் உங்களுக்கே என்ற கோர்ட் அறிவிப்பு) கேட்காத வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு பொதுவாக நிற்காது என்பது 2008-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். அவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டிருந்தால் சுவாதீனமும் (நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பதும்) சேர்த்துக் கேட்க வேண்டும். வழக்கில் நீதிமன்ற ஆணையரை நியமித்து, சர்வேயர் உதவியோடு அளக்கும்படி கேளுங்கள். எல்லை வழக்கில் அந்த அறிக்கைதான் முதுகெலும்பு.

நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பேசி முடித்துவிட்டோம். வேலி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். இது போதுமா?

போதாது. வாய்ச்சொல்லில் நிலம் மாறாது. நாங்கள் செய்தது இது: வடபுறத்து மூன்றரை அடியை அவர்களுக்கும், தென்மேற்கு மூலையோடு இன்னொரு துண்டை எங்களுக்குமாகப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்தோம். வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்தோம். பிறகு உட்பிரிவுக்கு விண்ணப்பித்தோம். புதிய படம் வந்ததும் ஆளுக்கொரு நகலை எடுத்துக்கொண்டு, புதுக் கற்களைச் சுற்றிக் காரை போட்டோம். காரை குழைத்தது பங்காளி வீட்டுப் பையன்.